அரைச் சாண் இடத்துக்கு இத்தனை போராட்டமா? ஸ்போர்ட்ஸ் செடான்களின் பின் சீட் கதை!

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி சாலையில் தென் மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும் இடம்தான், பரனூர். அதன் அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே 2007 முதல் இயங்கிவருகிறது பிஎம்டபிள்யூவின் கார் தொழிற்சாலை. 2021-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அங்கே தயாராகும் இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டின் பெயரும் 3 சீரிஸ். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும்.

ஜனவரியில் வந்தது, 3 சீரிஸ் கிரான் லிமோசின். ஆரம்ப விலை 51.50 லட்சம் ரூபாய். மார்ச்சில் வந்தது, எம்340ஐ. அதன் விலை 62.90 லட்சம் ரூபாய். இரண்டுமே எக்ஸ்-ஷோரூம் கணக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், 11 லட்சம் ரூபாய்க்கு மேல் அதிகம் கொடுத்து எம்340ஐ வாங்குபவரின் குடும்பத்துக்குப் பின் சீட்டில் கிடைப்பது, குறைந்த விலைக் காரில் கிடைப்பதைவிடக் குறைவான இடம். கிரான் லிமோசினின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை உள்ள நீளம் 2,961 மி.மீ. எம்340ஐ-யில் 2,851 மி.மீ. வித்தியாசம் 110 மி.மீ. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அரைச் சாண்!

அப்படியென்றால் கூடுதல் பணம் எதற்கு? முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவருக்காக. எம்340ஐ-யில் இருப்பது 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ வேகத்தை 4.4 விநாடியில் தொட்டுவிடும். நீளமான 330எல்ஐ-க்கு அதே வேலைக்கு 6.2 விநாடி ஆகும். ஒருவர் மிதித்துச் சிரிக்க, பின்னால் மூன்று பேர் முட்டி இடித்துக்கொண்டு உட்கார வேண்டுமா என்பதுதான் இந்த வகைக் கார்கள் பிறந்த நாளிலிருந்து வீட்டுக்குள் நடக்கும் பஞ்சாயத்து.

இடம் எங்கே போகிறது?

'இவ்வளவு பெரிய கார், இவ்வளவு விலை, ஆனால் பின்னால் கால் நீட்ட முடியவில்லையே' என்று ஷோரூமில் பலர் கேட்பதுண்டு. வடிவமைத்தவர்களின் அலட்சியம் என்று அதை நினைத்தால் தவறு. அந்த இடம் தெரிந்தேதான் எடுக்கப்படுகிறது.

நாம் அன்றாடம் பார்க்கும் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா போன்ற கார்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். கியர்பாக்ஸும் அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முன் சக்கரங்களே காரை இழுத்துக்கொண்டு போகும். இன்ஜின் சமாசாரம் எல்லாம் ஒரு சின்ன இடத்துக்குள் அடங்கிவிடுவதால், மீதி நீளம் மனிதர்களுக்கு.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடீஸ் சி-கிளாஸ், ஆல்ஃபா ரோமியோ ஜூலியா, லெக்சஸ் ஐஎஸ் போன்ற கார்கள் வேறு பரம்பரை. இவற்றில் இன்ஜின் நீளவாட்டில் நிற்கும். அதன் வால் போல கியர்பாக்ஸ், முன் சீட்டுகளுக்கு நடுவே புகுந்து வரும். அங்கிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு காரின் வயிற்று வழியே பின் சக்கரம் வரை போகும். லாரிக்கு அடியில் சுழல்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே புரொப்பல்லர் ஷாஃப்ட்தான். பின் சீட்டின் நடுவில் காலை வைக்கவிடாமல் எழும்பி நிற்கும் மேடு, இந்தத் தண்டுக்காகக் கட்டிய வீடு.

இதோடு முடியவில்லை. வளைவில் கார் இடது வலது இழுக்காமல் திரும்ப வேண்டுமானால், எடை முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும். பிஎம்டபிள்யூ பல ஆண்டுகளாகப் பெருமையாகச் சொல்லும் 50:50 கணக்கு இதுதான். அதற்காக முன் சக்கரங்களை முடிந்தவரை மூக்குப் பக்கம் தள்ளிவிட்டு, கனமான இன்ஜினை அவற்றுக்குப் பின்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். டாஷ்போர்டு பின்னால் வருகிறது. அதோடு டிரைவர் சீட்டும் பின்னால் வருகிறது. கடைசியில் நிற்பவர்தானே நெருக்கடியைத் தாங்க வேண்டும்? பின் சீட்டுக்காரருக்கு அந்தக் கதிதான்.

ஒரு ஒப்பீடு பார்த்தால் சட்டெனப் புரியும். இந்தியாவில் பல ஆண்டுகள் விற்பனையான மூன்றாம் தலைமுறை ஸ்கோடா சூப்பர்பின் வீல்பேஸ் 2,841 மி.மீ. எம்340ஐ-யைவிட 10 மி.மீ குறைவு. ஆனால் சூப்பர்பின் பின் சீட்டில் காலை நீட்டிக் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். காரணம், அதில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது. ஒரே நீளமுள்ள மனையில் ஒருவர் முன்பக்கம் பெரிய திண்ணை வைத்தார், இன்னொருவர் பின்பக்கம் பெரிய கூடம் கட்டினார். அவ்வளவுதான் விஷயம்.

ஆடி ஏ4 மட்டும் நடுவில் ஒரு வழி பிடித்தது. இன்ஜின் நீளவாட்டில்தான் இருக்கும். ஆனால் முன் சக்கரங்களுக்கும் முன்னால், மூக்கு நுனியில் தொங்கும். உள்ளே இடம் கொஞ்சம் மிச்சம். பதிலுக்கு, மூக்கு கனம் என்ற பெயர் ஆடிக்கு ரொம்ப நாளாக ஒட்டிக்கொண்டது.

இரண்டு கதவு காலத்திலிருந்து...

இந்த வகைக் காரின் மூதாதை என்று பலரும் கைகாட்டுவது, 1968-ல் வந்த பிஎம்டபிள்யூ 2002. சின்ன உடம்பு, பெரிய இன்ஜின். வீல்பேஸ் 2,500 மி.மீ. கதவுகள் இரண்டே இரண்டு. பின்னால் போக வேண்டுமானால் முன் சீட்டை மடக்கி, குனிந்து நுழைய வேண்டும். 1975-ல் வந்த முதல் 3 சீரிஸுக்கும் இரண்டு கதவுதான். அடுத்த தலைமுறையில், 1983-ல்தான் நான்கு கதவு 3 சீரிஸ் கிடைத்தது. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகும் ஓட்டும் ஆசை போகாதவர்களுக்கு அதுதான் பெரிய நிம்மதி.

அதன் பிறகு தலைமுறைக்குத் தலைமுறை கார் நீண்டுகொண்டே வந்தது. 1980-களின் 3 சீரிஸுக்கு வீல்பேஸ் 2,570 மி.மீ. 1990-ல் 2,700. 1998-ல் 2,725. 2005-ல் 2,760. அடுத்து வந்ததில் 2,810. 2018-ல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானதில் 2,851. கூட்டிக் கழித்தால் 80-களின் காரைவிட 281 மி.மீ அதிகம். ஒரு சாணுக்கும் மேலே!

ஆனாலும் பின் சீட் பற்றிய புலம்பல் நிற்கவில்லை. ஏற்பட்ட நீளமெல்லாம் முழுசாக முட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஒரு காரணம். மோதலைத் தாங்கும் அமைப்பு, பெரிய சக்கரம், தடித்த சீட், ஏர்பேக், கனமான கதவு என்று பலரும் பங்கு கேட்டார்கள். மற்ற கார்கள் அதைவிட வேகமாக விசாலமாகிவிட்டன என்பது இன்னொன்று. இன்றைக்கு ஃபோக்ஸ்வாகன் விர்டஸின் வீல்பேஸ் 2,651 மி.மீ. இன்ஜினும் குறுக்குவாட்டு. அந்தக் காரின் பின் சீட்டில் பழகிய ஒரு குடும்பம், நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய காரில் ஏறி 'இவ்வளவுதானா' என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

கப் வாங்கியது... கார் விற்கவில்லை!

பின் சீட்டை லேசாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 3 சீரிஸை நேருக்கு நேர் மோதிப் பார்க்கவே உருவாக்கிய கார், கேடிலாக் ஏடிஎஸ். 2012-ல் வந்தது. எடை குறைவு, திருப்பினால் திரும்பும் துல்லியம் என்று ஓட்டிப் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். 2013 ஜனவரியில் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருதும் கிடைத்தது.

ஆனால் பின்னால் லெக்ரூம் 33.5 அங்குலம். அதே சமயத்தில் வந்த 3 சீரிஸில் 35.1 அங்குலம். வித்தியாசம் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. காகிதத்தில் சின்ன எண். முட்டிக்குத் தெரியும் அதன் அருமை. ஏடிஎஸ் பற்றிய விமர்சனங்களில் பாராட்டுகளுக்கு அடுத்த வரியிலேயே பின் சீட் குறை வந்து நின்றது. 2018-ல் செடான் தயாரிப்பே நின்றுபோனது. விற்பனை சரிந்ததற்குப் பின் சீட் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க எஸ்யூவி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சாய்வுக்கும் பின் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது அல்லவா!

இதே ஏடிஎஸ், சீனாவுக்கு 2014-ல் போனபோது 85 மி.மீ நீட்டப்பட்ட உடம்போடுதான் போனது.

சீனா கேட்டது, இந்தியாவுக்கும் கிடைத்தது

நீளமான கார் என்ற வழக்கத்தை உலகுக்குப் பழக்கியது சீனச் சந்தைதான். அங்கே காரின் மரியாதை பின் சீட்டில் இருக்கிறது. முதலாளி பின்னால் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் உட்காருவார்கள். ஆடி முதலில் ஏ6 காரை அங்கே நீட்டியது. பிறகு சின்ன காரான ஏ4-ஐயும் நீட்டியது. 2012-ல் பெய்ஜிங் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ, 2,920 மி.மீ வீல்பேஸ் கொண்ட நீளமான 3 சீரிஸைக் காட்டியது. மெர்சிடீஸ் சி-கிளாஸ், ஜாகுவார் எக்ஸ்இ என்று வரிசையாக எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். ஐரோப்பாவில் 'ஓட்டுவதற்கே பிறந்த கார்' என்று விற்றதை, அங்கே உட்காருவதற்கான காராக மாற்றி விற்றார்கள்.

நம் ஊர் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதானே? சொந்தமாக ஓட்டினாலும், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது பின் சீட் நிரம்பி வழியும். 2017 பிப்ரவரியில் மெர்சிடீஸ், 140 மி.மீ நீட்டிய இ-கிளாஸை இந்தியாவில் இறக்கியது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கும் நீள இ-கிளாஸ் முதலில் கிடைத்தது இங்கேதான். பூனா அருகே சாக்கனில் தயாராகும் அந்தக் கார் வருடக்கணக்கில் அந்த நிறுவனத்தின் அதிகம் விற்கும் காராக நின்றது. பின் சீட்டுக்குப் பணம் கொடுக்க இந்தியர்கள் தயார் என்பது அத்தோடு நிரூபணமாகிவிட்டது.

அடுத்து சின்ன செடானுக்கு முறை வந்தபோது, பரனூர் பக்கம் தயாரானதுதான் கிரான் லிமோசின். அதில் சேர்த்த 110 மி.மீ எங்கே போயிருக்கிறது என்று கவனித்துப் பார்த்தால் தெரியும். பானட் அப்படியே இருக்கிறது. பின் கதவுதான் நீண்டிருக்கிறது. ஆகவே, உள்ளே இடம் மட்டுமல்ல, ஏறும் வாசலும் அகலமாகியிருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

மெர்சிடீஸ் இங்கே வேறு கணக்குப் போட்டது. நீளமான சி-கிளாஸைச் சீனாவில் விற்றுக்கொண்டே, இந்தியாவுக்கு 2022-ல் கொண்டுவந்த புது சி-கிளாஸை 2,865 மி.மீ சாதாரண நீளத்திலேயே கொண்டுவந்தது. பின் சீட் பெரிதாக வேண்டுமா, இ-கிளாஸ் வாங்குங்கள் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி!

புரோஷர் எண்ணை அப்படியே நம்பலாமா?

லெக்ரூம் எப்படி அளக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பல குழப்பம் தீரும். எஸ்ஏஇ ஜே1100 என்று ஓர் அளவு முறை இருக்கிறது. சீட்டில் ஒரு பொம்மையை உட்காரவைத்து, இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை நேர்கோட்டில் அளப்பார்கள். அதோடு 254 மி.மீ, அதாவது 10 அங்குலம் சேர்த்துக்கொள்வார்கள். வரும் எண்தான் லெக்ரூம்.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது. பின் சீட்டை அளக்கும்போது முன் சீட் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். அந்த இடத்தை வடிவமைப்பின்போது தீர்மானிப்பது நிறுவனம்தான். ஒரு நிறுவனம் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கணக்கெடுத்தால் முன் லெக்ரூம் பெரிதாகவும், பின் லெக்ரூம் சிறிதாகவும் தெரியும். இன்னொரு நிறுவனம் மாற்றிச் செய்யலாம். அதனால், இரண்டு கார்களை ஒப்பிடும்போது முன் எண்ணையும் பின் எண்ணையும் கூட்டிப் பார்ப்பது கொஞ்சம் நம்பகமானது.

அப்படியும் எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2019-ல் இந்தியாவுக்கு வந்த பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக்கின் வீல்பேஸ் 2,700 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் பின் லெக்ரூம் 37.4 அங்குலம். தன்னைவிட 110 மி.மீ நீளமான வீல்பேஸ் கொண்ட முந்தைய தலைமுறை 3 சீரிஸைவிட அதிகம்! ஆனால் சிவிக்கில் சீட் மிகத் தாழ்வு. அதில் வயதானவர்கள் உட்கார்ந்து எழுவது ஒரு தண்டால் எடுப்பதற்குச் சமம்.

கார் விமர்சகர்கள் பயன்படுத்தும் வழி எளிது. டிரைவர் சீட்டைத் தங்கள் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, இறங்கி, அதே சீட்டுக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். உங்களுக்குப் பின்னால் உங்களாலேயே உட்கார முடிகிறதா? புரோஷரைவிட இந்தச் சோதனை நேர்மையானது. ஷோரூமில் முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்!

பாட்டியும் பேரனும்

குடும்பத்துக்குக் கார் வாங்கும்போது லெக்ரூமுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, உட்காரும் உயரம். ஸ்போர்ட்ஸ் செடானின் கூரை தாழ்வு. கூரை தாழ்ந்தால் சீட்டும் தாழ வேண்டும். முட்டி வலி உள்ள ஒருவர் முதலில் உடம்பை இறக்கி, பிறகு தலையைக் குனிந்து, அப்புறம் காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க வேண்டும். சேலை கட்டியவர்களுக்கு இன்னும் சிரமம். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, கதவு வாசலின் கீழ்ப்பகுதியைத் தின்றிருக்கும். கால் அங்கேதான் சிக்கும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால், அவர்களை அழைத்துப் போய் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்காமல் இந்த வகைக் காருக்கு முன்பணம் கொடுப்பது சரியில்லை.

அடுத்து, தொடை. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் முட்டி மேலே எழும்பும். தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கும். உடம்பின் எடை முழுவதும் இடுப்புக்குக் கீழே ஓர் இடத்தில் இறங்கும். பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது தெரியாது. சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேரும்போது தெரியும். முன் சீட்டுக்கு அடியில் பாதத்தை நுழைக்க இடம் இருக்கிறதா என்பதும் அதே மாதிரிதான். டிரைவர் சீட்டைக் கீழே இறக்கி ஓட்டப் பிரியப்படுபவர் என்றால், பின்னால் இருப்பவரின் பாதத்துக்கு வழி அடைபட்டுவிடும்.

நடு சீட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பின் சக்கர டிரைவ் உள்ள சின்ன செடான்களில் நடுவில் உட்காருபவர் மேட்டின் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு குதிரைச் சவாரிதான் செய்ய வேண்டும். நான்கு பேருக்கான கார், ஐந்தாவது ஆள் பக்கத்துத் தெரு வரை வரலாம் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

குழந்தைக்கு இடம் அதிகம் தேவைப்படாது என்ற நினைப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம். கைக்குழந்தையைப் பின்னோக்கி, அதாவது காரின் பின்புறத்தைப் பார்த்தபடி உட்காரவைக்கும் சைல்டு சீட்டில்தான் கொண்டுபோக வேண்டும். ஐ.நா-வின் ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, அந்த சீட் தாங்கும் உயரமும் எடையும் வரும்வரை முடிந்த அளவு இப்படியே தொடரச் சொல்கிறது. திடீரெனப் பிரேக் போட்டாலோ, மோதினாலோ, குழந்தையின் கனமான தலையும் மெல்லிய கழுத்தும் சீட்டின் முதுகில் முழுசாகப் பதிந்துகொள்ளும் என்பதே காரணம்.

இந்த சீட் சாய்ந்தே நிற்கும். ஒரு பெரியவரின் முட்டியைவிட அதிக நீளத்தை அடைக்கும். சின்ன ஸ்போர்ட்ஸ் செடானில் இதைப் பொருத்தினால், அதற்கு முன்னால் உள்ள சீட்டை நன்றாக முன்னுக்குத் தள்ள வேண்டிவரும். அப்போது பின்னால் இருக்கும் குழந்தைக்குப் பிரச்னை இல்லை, முன்னால் உட்காரும் அம்மாவின் முட்டி டாஷ்போர்டில் இடிக்கும். ஏர்பேக்குக்கு அவ்வளவு நெருக்கமாக உட்காருவது அவருக்கும் ஆபத்து. இதற்குப் பயந்துதான் பலர் சைல்டு சீட்டையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். அரைச் சாண் இடம் உயிர் விஷயமாக மாறுவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் கட்டிவிடலாம். மடியில் இருக்கும் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்துவது எந்த அம்மாவாலும் முடியாத காரியம்.

எனவே, சைல்டு சீட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டே ஷோரூமுக்குப் போகலாம். ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பார்த்துவிட்டு, முன் சீட்டில் வழக்கமாக உட்காருபவரை உட்காரச் சொல்லுங்கள். விற்பனைப் பிரதிநிதி ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்!

நீட்டினால் எல்லாம் சரியா?

நீளத்துக்கும் விலை உண்டு. சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடினால், வளைத்துத் திருப்ப அதிக இடம் வேண்டும். குறுகலான தெருவில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்க நேரலாம். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்கள் இன்னொரு சோதனை. தாழ்ந்த கார் நீளமாகவும் இருந்தால், முன் சக்கரம் இறங்கி பின் சக்கரம் ஏறுவதற்குள் நடு வயிறு தரையில் உரசும். ஐந்து பேர் ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம். வளைவுகளில் சட்டெனத் திரும்பும் துடிப்பும் கொஞ்சம் குறையும். ஏற்காடு மலைப்பாதையை ரசித்து ஓட்ட நினைப்பவர், தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் நீளமானதை எடுக்க வேண்டும்.

இன்ஜினைக் குறுக்கே திருப்பிவிட்டால்? பிஎம்டபிள்யூவே அதையும் செய்தது. 2020-ல் வந்த 2 சீரிஸ் கிரான் கூப், முன் சக்கர டிரைவ் கார். முட்டிக்குக் கிடைத்த இடத்தை, பின்னால் சரிந்து இறங்கும் கூரை பிடுங்கிக்கொண்டது. உயரமானவர்களின் தலை இடிக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கதை.

எலெக்ட்ரிக் கார்களில் இன்ஜினும் இல்லை, தண்டும் இல்லை. பின்னால் நடு மேடே இருக்காது, தரை மட்டமாக இருக்கும். 2024-ல் இந்தியாவுக்கு வந்த பிஒய்டி சீல் காரின் வீல்பேஸ் 2,920 மி.மீ. அதன் பெர்ஃபாமென்ஸ் மாடல் 3.8 விநாடியில் 100 கி.மீ தொடும். இடமும் வேகமும் சேர்ந்தே வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பேட்டரி முழுவதும் தரைக்கு அடியில் படுத்திருப்பதால் தரை உயர்ந்துவிடுகிறது. கூரையோ தாழ்வு. தரைக்கும் சீட்டுக்கும் நடுவே உயரம் குறைந்து, முட்டி மறுபடி மேலே எழும்புகிறது. முட்டிக்கு முன்னால் தாராளம், தொடைக்குக் கீழே வெற்றிடம்!

பட்ஜெட் இல்லை, ஆனால் ஆசை இருக்கிறது...

50 லட்சம் எல்லாம் நமக்கில்லை என்பவர்களுக்கு உண்மையில் கவலை குறைவு. 150 பிஎஸ் சக்தி கொண்ட 1.5 லிட்டர் டர்போ இன்ஜினோடு வரும் விர்டஸ், 160 பிஎஸ் டர்போ வெர்னா இரண்டும் ஓட்டுபவருக்கும் சுவாரஸ்யம் தரும், பின்னால் முட்டிக்கும் இடம் தரும். வெர்னாவின் வீல்பேஸ் 2,670 மி.மீ. கூரைச் சரிவு மட்டும் உயரமானவர்களுக்கு இடைஞ்சல். பின்சக்கர டிரைவின் சுகம் இவற்றில் கிடைக்காது. அது தெரியாதவர்களுக்கு அது இல்லாத குறையும் தெரியாது.

பிஎம்டபிள்யூதான் வேண்டும், குடும்பமும் வசதியாக உட்கார வேண்டும் என்றால், பழைய கார் சந்தையில் தேடத் தகுந்த பெயர் ஒன்று உண்டு. 3 சீரிஸ் கிரான் டூரிஸ்மோ, சுருக்கமாக 3 ஜிடி. 2014-ல் இந்தியாவுக்கு வந்தது. வீல்பேஸ் 2,920 மி.மீ. உட்காரும் உயரமும் சாதாரண 3 சீரிஸைவிட அதிகம் என்பதால் பெரியவர்கள் குனிந்து விழாமல் ஏறலாம். பின்கதவு மேலே தூக்கித் திறக்கும், டிக்கி 520 லிட்டர். அழகில் மட்டும் செடானோடு போட்டி போட முடியாது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் போல இருக்கும். அந்தத் தோற்றத்தாலேயே பலர் ஒதுக்கிய கார் அது.

வாங்கும்போது டயர்களைத் தனியாகப் பாருங்கள். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள் இவை. நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டியிருந்தால் செலவு நன்றாகவே கடிக்கும். ஸ்டெப்னி டிக்கிக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தால், 520 லிட்டரில் ஒரு பெரிய சூட்கேஸுக்கான இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது அந்தப் பை பின் சீட்டுக்குத்தான் வரும்.